மருத்துவரின் கல்வி பட்டத்தோடு முடிவதா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவன். எங்கள் இலாகாவில் ஒரு விதி உண்டு. வண்டி ஓட்டுநரும் நிலைய அதிபரும் ஒருமுறை தேறிவிட்டால் போதும் என்று விடப்படுவதில்லை. குறித்த காலந்தோறும் அவர்கள் மறுபயிற்சி பெறவேண்டும். கண்பார்வையும் உடல்நலமும் மீண்டும் சோதிக்கப்படும். அங்ஙனமாயின், நம் உயிரைக் கையில் ஏந்தும் மருத்துவருக்கும் இத்தகைய விதி உண்டா? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்விதி ஏன் வேண்டும் என்பதற்கு நம் சென்னையே சான்று. காசநோயாளரைச் சானடோரியத்தில் தங்கவைத்தே குணப்படுத்த வேண்டும் என்று முன்னாளில் கற்பித்தார்கள். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் ஏழை நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து கொடுத்தது. இரண்டும் ஏறத்தாழ ஒத்த பயனே தந்தன என்பது 1959-இல் வெளியாயிற்று. நெருக்கமான வீட்டில் வாழ்வோரும் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்று உலகம் அறிந்தது. பழைய பாடத்தோடு நின்றுவிட்ட மருத்துவர் இதனை எவ்வாறு அறிவார்?

பம்பாய் மாகாணத்தில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1912-இல் பிறந்தது. பின்னர் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்றைய மகாராஷ்டிர மருத்துவக் கவுன்சில் இயங்குகிறது. மருத்துவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கவுன்சில் ஏற்ற சொற்பொழிவுகளிலும் மாநாடுகளிலும் பயிற்சிகளிலும் கலந்துகொண்டு 30 புள்ளிகள் பெற்றிருத்தல் வேண்டும். ஐந்தாண்டில் 30 மணி நேரத் தொடர் கல்வி வேண்டுமென அகில இந்திய நெறிமுறை 2002-இலேயே கூறியது.

அயல்நாடுகளிலும் இம்முயற்சி உண்டு. அமெரிக்காவில் சிறப்பு மருத்துவருக்குச் சான்று வழங்கும் குழுக்களில் முதலாவது, கண் மருத்துவத்திற்காக 1916-இல் தோன்றியது. முற்காலத்தில் அச்சான்று ஆயுட்காலத்திற்கு உரியது. 1969-இல் தோன்றிய குடும்ப மருத்துவக் குழுவோ ஏழாண்டுக்கொருமுறை மறுதேர்வு வேண்டுமென்றது. பொது மருத்துவக் குழு 1990 முதல் பத்தாண்டு வரம்பு வைத்தது. கட்டணமும் தேர்வும் சுமையென்று அங்குள்ள மருத்துவர் பலர் முறையிடுவதும் உண்மையே. இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவரின் தகுதி மறுபடி உறுதி செய்யப்படுகிறது. அதில் நோயாளரின் கருத்தும் கேட்கப்படுகிறது.

நம் நாட்டில் மறுதேர்வு இல்லை. அரங்கில் அமர்ந்த நேரத்தைக் கணக்கிடலாமேயன்றி, கற்றதைக் கணக்கிட இயலாது. இது குறையே. எனினும், ஒரு விதியும் இல்லாதிருப்பதினும் இது எத்தனையோ மேல்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்துச் சந்தில் உள்ள பலகையைப் பார்த்து ஓடுகிறோம். ஊசி போடுபவர் எல்லாரும் மருத்துவர் அல்லர். மருத்துவர் தம் பதிவு எண்ணை மருத்துவமனையிலும் மருந்துச் சீட்டிலும் காட்டவேண்டும் என்பது விதி. அந்த எண்ணைப் பாருங்கள். இல்லையெனில் மரியாதையோடு கேளுங்கள். கவுன்சிலின் பதிவேட்டில் அதனைச் சரிபார்க்கலாம்; பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்வார்கள். ஆயுர்வேதத்திற்கும் ஹோமியோபதிக்கும் தனித்தனிக் கவுன்சில்கள் உண்டு. எதில் பதிந்தவர் என்றும் அறிந்துகொள்ளுங்கள். ஐயம் நேர்ந்தால் தாராவிக்கு அருகிலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது. வரிசை நீளமென்று அஞ்சி, தகுதியற்றவரிடம் நாட்களைப் போக்க வேண்டாம். நோய் நமக்காகக் காத்திராது.

பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரை அழைத்து ஆண்டுக்கொரு சொற்பொழிவேனும் நம் சங்கம் நடத்துமாறு வேண்டுகிறேன். மருத்துவர் கற்றுக்கொண்டே இருத்தல் அவர் கடமை. யாரிடம் உயிரை ஒப்படைக்கிறோம் என்று அறிதல் நம் கடமை.