சாணத்தின் ஐந்தொகை



சாண எரிவாயுவைப் பற்றி எங்கே பேசினாலும் உழவர் ஒருவர் எழுந்து என்னை ஒரு கேள்வி கேட்பதுண்டு. "வாயுவை எடுத்துவிட்ட பிறகு சாணத்தில் என்ன இருக்கும் ஐயா? வயலுக்குச் சக்கைதானே வரும்?" என்பார். நியாயமான கேள்விதான். அடுப்புக்கும் நிலத்துக்கும் இடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு அது. வரட்டி தட்டினால் எரு இல்லை. எருக்குழியில் இட்டால் அடுப்புக்கு விறகு தேட வேண்டும். இவ்வழக்கைத் தீர்க்கச் சொல்வன்மை வேண்டியதில்லை, கணக்கேடு போதும். பொருள் உருமாறுமேயன்றி இல்லாமற் போவதில்லை என்பது இரசாயன நூலின் முதற்பாடம். ஆகவே கலத்தினுள் சென்றதையும் வெளியே வந்ததையும் நிறுத்துப் பார்ப்போம்.

பசு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடுகிறது. அதில் 8 கிலோ வெறும் நீர்; திடப்பொருள் 2 கிலோதான். சம எடை நீர் சேர்த்துக் கரைத்தால் 20 கிலோ கரைசலாகும். அது காற்றுப் புகாத கலத்தில் ஏறத்தாழ 40 நாள் தங்குகிறது. பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள், பசுவின் வயிற்றில் தொடங்கிய வேலையை அங்கே தொடர்கின்றன. இவ்வாறு 10 கிலோ சாணத்திலிருந்து கிடைக்கும் வாயு சுமார் 400 லிட்டர். அதில் 240 லிட்டர் மீதேன், 160 லிட்டர் கரியமிலவாயு.

லிட்டர் கணக்கில் பெரிதாகத் தோன்றும் இதை நிறுத்தால் என்ன ஆகும்? மீதேன் 160 கிராம், கரியமிலவாயு 290 கிராம். ஆக 450 கிராம். 20 கிலோவில் அரைக் கிலோகூட இல்லை! எஞ்சிய பத்தொன்பதரைக் கிலோவும் கழிவுக் கரைசலாக வெளிவந்துவிடுகிறது.

போன சரக்கு எது என்பதுதான் முக்கியம். மீதேனில் இருப்பவை கரியும் ஹைட்ரஜனும். மற்றதில் இருப்பவை கரியும் பிராணவாயுவும். பயிருக்கு நாம் எருவாக இடும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை இரண்டிலும் இல்லை. 10 கிலோ சாணத்தில் இருந்த சுமார் 30 கிராம் தழைச்சத்து ஏறத்தாழ முழுவதும் கரைசலிலேயே நிற்கிறது. அதில் ஒரு பகுதி அம்மோனியாவாக மாறி, பயிர் எளிதில் உறிஞ்சும் நிலையை அடைகிறது. ஆனால் அக்கரைசலை வெயிலில் பரப்பிக் காயவைத்தால் அந்த அம்மோனியா பறந்துவிடும். பாசன நீரோடு கலந்து விடுவதோ, எருக்குழியில் தழையோடு சேர்ப்பதோ நலம். வரட்டியை எரித்தாலோ தழைச்சத்து புகையோடு போய், மற்ற இரண்டும் சாம்பலில் தங்குகின்றன.

வெப்பத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வரட்டியில் மொத்த வெப்பம் அதிகம் என்பது உண்மையே. எனினும் வரட்டி அடுப்பில் பாத்திரத்தைச் சேர்வது பத்தில் ஒரு பங்கு அளவே. வாயு அடுப்பில் பாதிக்கு மேல் சேர்கிறது. அதனால் அதே சாணம் ஏறத்தாழ இரு மடங்கு சமையலைச் செய்கிறது.

இனி அடுப்படிக்கு வருவோம். 160 கிராம் மீதேன் எரிய 640 கிராம் பிராணவாயு வேண்டும். கிடைப்பவை 440 கிராம் கரியமிலவாயுவும் 360 கிராம் நீராவியும். இருபுறமும் 800 கிராம், கணக்கு நேராயிற்று. காற்றில் ஐந்தில் ஒரு பங்கே பிராணவாயு ஆதலால், ஒரு பங்கு சாண வாயுவுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு காற்று தேவை. அடுப்பின் காற்றுத் துளை அடைபட்டால் நீலச் சுடர் மஞ்சளாகிப் பாத்திரம் கரியேறும். அந்த 440 கிராம் கரியமிலவாயுவைக் கண்டு அஞ்ச வேண்டாம். புல் சென்ற பருவத்தில் காற்றிலிருந்து வாங்கியதே திரும்பிச் செல்கிறது.

எரியாமல் தப்பிய மீதேனின் கதையோ வேறு. 100 ஆண்டுக் கணக்கில் அது சம எடைக் கரியமிலவாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கவல்லது. 160 கிராமில் பத்தில் ஒரு பங்கான 16 கிராம் கசிந்தால், 450 கிராம் கரியமிலவாயுவுக்குச் சமம். அதாவது, முழு மீதேனையும் எரித்தால் வருவதைவிடச் சற்றே அதிகம்!

ஜஷ்பாய் படேல் 1950-களில் அமைத்த கலத்தில் மிதக்கும் இரும்பு மூடி இருந்தது. வாயு சேரச் சேர மூடி எழும், செலவாக இறங்கும்; அன்றைய இருப்பைக் கண்ணாலேயே காணலாம். 1984-இல் வந்த தீனபந்து கலத்துக்குச் செங்கற் குவிமாடம். செலவு குறைவு, துரு இல்லை. ஆனால் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. சாணம் குறையாதிருக்க வாயு மட்டும் குறைந்தால், கடுங்குளிர்காலம் அல்லாதபோது, முதலில் கசிவையே ஐயுறுக. குழாய் மூட்டுக்களில் சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும். குவிமாடத்தின் வெளிப்புறத்தை மண் மூடியிருப்பின் கொத்தனாரை அழைத்துச் சோதிக்க வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு தேடுவது மட்டும் கூடவே கூடாது.