முதலில் முகவரி, பிறகு வேலை



மயிலாப்பூரில் சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் ஒரு வகுப்பு எடுக்கிறேன். வெளிநாட்டில் ஒரு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே ஊரையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் அதற்கு வருவார்கள். அடையாற்றிலிருந்து வருவார்கள், தி.நகரிலிருந்து வருவார்கள். சில நாள் அம்மாவும் கூட வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். இந்தப் பிள்ளைகள் இப்போது அதிகம் கேட்பது ஆஸ்திரேலியாவின் ஒர்க் அண்ட் ஹாலிடே விசாவைப் பற்றித்தான். அதன் வகை எண் 462.

விசா விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 1,000 இந்திய இளைஞர்களுக்கு இந்த விசா உண்டு. வயது 18 முதல் 30 வரை. பள்ளிப் படிப்புக்கு மேல் குறைந்தது 2 ஆண்டு படித்திருக்க வேண்டும். ஓரளவு ஆங்கிலம் வேண்டும். கையில் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலரும், திரும்பி வர டிக்கெட்டுக்கான பணமும் இருக்க வேண்டும். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது குலுக்கல் முறையில். முதல் குலுக்கலுக்கு 2024 அக்டோபரில் பதிவு நடந்தது. முதல் இரண்டு வாரத்திலேயே ஏறக்குறைய 40,000 பேர் பதிந்துவிட்டார்கள். பதிவுக் கட்டணம் 25 டாலர். அதற்கு மேல், "உங்க பேரை வரவைக்கிறேன், இவ்வளவு கொடுங்க" என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். குலுக்கலில் யாருக்கும் செல்வாக்கு கிடையாது.

விசாவுக்கு இவ்வளவு போதும். எனக்குப் பேச ஆசையாக இருப்பது விமானத்தை விட்டு இறங்கிய பிறகு நடப்பதைப் பற்றி. குறிப்பாக, வீட்டைப் பற்றி.

வகுப்புக்கு வரும் எல்லாரும் வேலையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நான் வீட்டிலிருந்து தொடங்குவேன். காரணம் இருக்கிறது. அங்கே சம்பளத்தில் அதிக வரி பிடிக்காமல் இருக்க வரிக் கோப்பு எண் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, ஆனால் எண் தபாலில்தான் வரும், 28 நாள் வரைகூட ஆகலாம். எந்த முகவரிக்கு வரும்? நாலு நாளைக்கு ஒரு இடம் மாறினால் அந்தக் கடிதம் யார் கைக்குப் போகும்? வேலை தேடுவதும் அப்படித்தான். காலை 5 மணிக்குக் கடை திறக்கும் காப்பிக் கடைக்காரர், "எங்கே தங்கியிருக்கே, எப்படி வந்து சேருவே?" என்று கேட்பார். நிலையான ஒரு முகவரி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வாடகையில் முதலில் தடுக்கி விழுவது ஒரு கணக்கில். அங்கே வாடகை வாரக் கணக்கு. "மேடம், வாரம் 250 டாலர்னா மாசம் 1,000தானே?" என்று ஒரு பையன் கேட்டான். போர்டில் எழுதச் சொன்னேன். 250ஐ 52 வாரத்தால் பெருக்கினால் 13,000. அதை 12ஆல் வகுத்தால் 1,083. வருஷத்துக்கு 1,000 டாலர் துண்டு விழுகிறது. பெற்றோர்களே, பிள்ளையோடு உட்கார்ந்து செலவுக் கணக்கு போடும்போது இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

அடுத்தது அட்வான்ஸ். சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாத வாடகை என்று நம் மாநிலத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொன்னாலும், எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று இடமும் வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க இவ்வளவு என்று பிடித்துக்கொள்வதும் நமக்குப் பழக்கம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் முன்பணம் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் அதைத் தன் கையில் வைத்துக்கொள்ளவும் கூடாது, அரசாங்கத்திடம் கட்டிவிட வேண்டும். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் தனிப் பிரியம். இரண்டு பேருக்கும் நடுவில் பணம் ஒரு பொது இடத்தில் இருக்கிறது. சண்டை வந்தால் முறையிட ஓர் இடம் இருக்கிறது.

அதற்குத் துணையாக இன்னொரு தாள் உண்டு. குடி வந்த அன்று வீடு எப்படி இருந்தது என்று அறை அறையாக எழுதும் தாள். வீட்டுக்காரர் தன் பங்கை எழுதித் தருவார். நீங்களும் பார்த்து எழுதி 7 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வகுப்பில் இதைப் பழக்க, எங்கள் வகுப்பறையையே குடி வரும் வீடாக வைத்து நிரப்பச் சொல்வேன். எல்லாரும் "சுவர் நன்றாக இருக்கிறது, மின்விசிறி ஓடுகிறது" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மந்தைவெளியிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் நாற்காலி போட்டு ஏறினாள். "விசிறியின் ஓர் இறக்கை வளைந்திருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை நீளத்துக்கு விரிசல். குழாயை மூடினாலும் சொட்டுகிறது" என்று எழுதினாள். அவள் சிட்னிக்குப் போய், வாடகைக்கு எடுத்த அறையிலும் அப்படியே செய்தாள். சமையல் மேடையில் பாத்திரம் வைத்துக் கருகிய வட்டம் ஒன்று. படம் எடுத்துத் தாளில் எழுதிவைத்தாள். காலி செய்யும்போது அந்த வட்டத்துக்குக் காசு கேட்டார்களாம். தாளைக் காட்டினாள், முன்பணம் முழுசாகத் திரும்பி வந்தது. எனக்கு அவள் அனுப்பிய குரல் செய்தியை இப்போதும் வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன்.

பகிர்ந்து குடியிருக்கும் வீடாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஒப்பந்தம் யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் ஒருவர் அறையை உள்வாடகைக்கு விட்டால், அங்கத்திய வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். சிட்னியில் வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், டூங்காபி பக்கம் நம் ஆட்கள் நிறைய. மேஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது. தமிழ்க் குடும்பம் ஒன்றில் அறை கிடைத்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும், சாம்பாரும் கிடைக்கும். ஆனால் "அங்கிள்கிட்ட ரசீது கேட்டா தப்பா நினைப்பாரோ" என்று கூச்சப்படாதீர்கள். நல்ல மனிதர் தப்பாக நினைக்க மாட்டார்.

இங்கே இருந்தபடியே பணம் அனுப்பாதீர்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். தி.நகர்ப் பையன் ஒருவன் படத்தில் பார்த்த அறைக்கு முன்பணம் அனுப்பிவிட்டான். "நான் வெளியூரில் இருக்கேன், சாவி கூரியரில் வரும்" என்று பதில் வந்தது. பிறகு அந்த எண்ணே இல்லை. முதல் பத்து நாளுக்கு விடுதியில் படுக்கை எடுங்கள். நேரில் போங்கள், குழாயைத் திறந்து பாருங்கள், பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுங்கள், அப்புறம் பணம் கொடுங்கள்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். இந்த விசா ஓர் ஆண்டுக்கு. இரண்டாம் ஆண்டு வேண்டுமென்றால் ஒதுக்குப்புறப் பகுதிகளில் பண்ணை, சுற்றுலா போன்ற குறிப்பிட்ட வேலைகளில் 3 மாதம் உழைத்திருக்க வேண்டும். அதனால் பலர் குயின்ஸ்லாந்தின் பண்டபர்க் போன்ற ஊர்களுக்குப் பழம் பறிக்கப் போவார்கள். அங்கே வேலையும் படுக்கையும் சேர்த்துத் தரும் விடுதிகள் உண்டு. பார்ப்பதற்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி, ஒரே அறையில் ஆறு கட்டில். நன்றாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மழை பெய்து வேலை இல்லாத வாரத்திலும் வாடகை ஏறிக்கொண்டே போகும். அந்தக் கடனுக்காகவே வேலையை விட முடியாமல் போகும்.

நம்மவர்களுக்கு இது தெரிந்த கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்த கங்காணி, முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவார். தங்குவதற்கு லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் ஓர் அறை. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். இன்றைய பண்ணையும் அன்றைய தோட்டமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இன்று கடவுச்சீட்டு உங்கள் பையில் இருக்கிறது, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. என்றாலும் கூலி கொடுக்கிறவர் கையிலேயே அறைச் சாவியும் இருந்தால், நியாயம் கேட்க நாக்கு எழாது. முடிந்தவரை இரண்டையும் இரண்டு பேரிடம் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், இரண்டு வார வாடகையும் பஸ் காசும் தொடாமல் தனியாக வையுங்கள்.

வேலையைப் பற்றிச் சொல்ல நேரம் குறைந்துவிட்டது. வேகமாகச் சொல்கிறேன், பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 1 அன்று நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது. நிரந்தரமில்லாத வேலையென்றால் அதற்கு மேல் 25 சதவீதம். பழம் பறிப்பில் கூடைக் கணக்கில் கூலி பேசினாலும், 2022 ஏப்ரல் முதல் மணிக் கணக்கில் ஒரு குறைந்தபட்சம் உறுதி. சம்பளம் கொடுத்த மறு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டு தர வேண்டும். "நீ ஊழியன் இல்லை, தனி ஒப்பந்தக்காரன், வியாபார எண் வாங்கி வா" என்று காப்பிக் கடையில் சொன்னால் சந்தேகப்படுங்கள். பொதுவாக ஒரே முதலாளியிடம் 6 மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. மதுபானம் பரிமாறவும் கட்டட வேலைக்கும் தனித்தனிச் சான்றிதழ் உண்டு. உங்கள் தற்குறிப்பில் அந்த நாட்டு ஃபோன் எண் இருக்கட்டும். மதியக் கூட்டம் கலைந்த பிறகு நேரில் போய்க் கேளுங்கள்.

கூலித் தகராறுக்கு ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன் என்ற அரசு அலுவலகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வருவார். பின் பெஞ்ச் அம்மாக்களுக்கு நான் சொல்வது இது: பிள்ளை கூப்பிடும்போது "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு, "சம்பளச் சீட்டு வந்துதா" என்றும் கேளுங்கள்.

அடுத்த குலுக்கலில் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பேர் வரட்டும். வந்தால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு படம் எடுத்து, இங்கே உங்களுக்கு நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி, இரண்டு பேருமாகப் படியுங்கள்.