உயிரோடு இருக்கும்போதே துக்கம் கேளுங்க

குருசுக்குப்பத்துத் தாய்மார்களே, வலையைக் காயப் போட்டுட்டு வந்து நிக்கிற அண்ணன் தம்பிகளே! கடல்காத்து மைக்கைத் தூக்கிட்டுப் போகப் பாக்குது. போகட்டும், இந்தத் தொண்டைக்கு மைக் எதுக்கு? (சிரிப்பு)

இலக்கியம் பேசக் கூப்பிட்டாங்க. நான் சாவைப் பத்திப் பேசப் போறேன். கோவிச்சுக்காதீங்க.

வெளியூர்க்காரனுக்குப் புதுச்சேரின்னா பீச்சு, பிரெஞ்சுத் தெரு, பாட்டில். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துப் புத்தகத்தில நமக்கு வேற பேரு. 2015-ல தற்கொலை விகிதத்தில இந்தியாவுக்கே முதலிடம் நாம! லட்சம் பேருக்கு 43 பேர். நாட்டுச் சராசரி பத்து சொச்சம். 2022-லயும் 30-ஐ ஒட்டித்தான் நிக்குது. இது பட்டமாய்யா?

நாடு முழுக்கத் தற்கொலைக் காரணங்கள்ல குடும்பத் தகராறும் நோயும் மட்டுமே ஏறக்குறைய பாதிக் கணக்கு. நம்ம ஊர்ல சாராயக்கடை இருக்கு, கந்துவட்டி இருக்கு. ஏ.எஃப்.டி. மில்லை 2020-ல மூடினாங்க. சம்பளம் நின்ன வீட்டில பேச்சும் நின்னுபோகும்.

இங்க ஒரு மீன்கார அம்மா இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன், சொன்னா கூடையாலயே அடிப்பாங்க. (கைதட்டல்) தினம் சங்கரா வாங்குற பொண்ணு மூணு நாளா கதவைத் திறக்கலை. இந்த அம்மா போயிடலை. வாசப்படியில கூடையை இறக்கி, அரிவாள்மணையைப் போட்டு, மீன் ஆயத் தொடங்கிட்டாங்க. ஆய்ஞ்சுக்கிட்டே, "சாப்பிட்டியாடி?" அவ்வளவுதான் கேள்வி. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம். மறுநாள் கையைப் பிடிச்சு ஜிப்மர் மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தெருவில கேட்டவங்களுக்கு "தலைவலி"ன்னு சொன்னாங்க. பொய்தான். பொய் சொல்லத் தேவையில்லாத தெருவா நாம என்னைக்கு மாறப் போறோம்?

இன்னும் சில பேர் இருக்காங்க. சாவு வீட்டுக்கு முதல் ஆளா வருவாங்க. கையில மாலை சின்னது, பின்னால பேனர் பெருசு. பேனர்ல செத்தவன் படம் தபால்தலை அளவு, இவங்க படம் கதவு அளவு! (பலத்த கைதட்டல்) உயிரோட இருந்தப்ப அந்த வீட்டு வாசல் எந்தத் திசைன்னு தெரியுமா இவங்களுக்கு? சரி, விடுங்க. அந்த அம்மா கூடைக்கு முன்னால இந்தப் பேனர் நிக்குமா? நிக்காது.

"போலீஸ் கேஸ் ஆயிடும்"னு மறைக்கிறோம். உயிர் பிழைச்சவரைக் கடும் மன அழுத்தத்தில இருந்தவராத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு சொல்லுது. 2018-லிருந்து நடைமுறையில இருக்கு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கின பழைய 309-வது பிரிவைப் புது தண்டனைச் சட்டத்தில சேர்க்கவே இல்லை. நீங்க இன்னும் பயந்துக்கிட்டே இருக்கீங்க!

தற்கொலையைத் தடுக்க முடியுமான்னு சில பேர் கேக்குறாங்க. இலங்கையைப் பாருய்யா! 1995-ல உச்சத்தில இருந்தாங்க. கொடிய பூச்சிமருந்துகளை ஒண்ணொண்ணா நிறுத்தினாங்க, பத்து வருஷத்தில பாதியாக் குறைஞ்சது. நம்ம பக்கத்துக் காட்டுமன்னார்கோயில் கிராமங்கள்ல மருந்தை வீட்டில வைக்காம, பொது இடத்தில பூட்டிவெச்சுப் பாத்தாங்க. ஆத்திரம் அலை மாதிரி. அந்த நேரம் பக்கத்தில ஆள் இருந்தா வடிஞ்சுடும். 1986-லேயே டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில 'சிநேகா'வைத் தொடங்கினது, காது கொடுத்துக் கேக்கத்தான்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, வராது. கேட்டா பாரம் இறங்கும்.

துக்கம் கேக்குறதில தமிழனை மிஞ்ச ஆள் இல்லை. பகையா இருந்தாலும் சாவு வீட்டுக்குப் போவோம். பதினாறு நாள் ஆனாலும் போய்க் கேப்போம். அந்தத் துக்கத்தை, உயிரோட இருக்கும்போதே கேட்டா என்ன?

14416. டெலிமானஸ், மனநல உதவி நம்பர். காசு கிடையாது, ராத்திரி பகல் கிடையாது, தமிழ்ல பேசலாம். நம்பரை ஐஸ் பெட்டி மேல எழுதி வைங்க. கூட்டம் முடிஞ்சு நேரா வீட்டுக்குப் போகாதீங்க. மூணு நாளா திறக்காத கதவு உங்க தெருவில ஒண்ணு இருக்கும். தட்டுங்க. "சாப்பிட்டியா?"ன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் உக்காருங்க.