யார் கட்டவில்லை? – ஒரு கேள்வியும் நான் செய்த இரண்டு தப்பும்

(ஆகஸ்ட் மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பஜ்ஜி ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம்.

நான் பி.காம். படித்தவன். வங்கியில் 36 வருஷம் கிளார்க். கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஆனால் லெட்ஜரைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு. இன்றைக்குப் பேசப்போவது லெட்ஜரைப் பற்றித்தான். அது இப்போது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை முதல் வாரம் நோட்டீஸ் போர்டில் மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியல் ஒட்டினோம். அதில் ஒரு வீட்டுக்கு மூன்று மாதப் பாக்கி, ரூ.10,500. அந்த வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயசு. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன், வீட்டு எண்ணைச் சொல்லப்போவதில்லை. "பணம் போயாச்சு தம்பி" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். "ரசீது இருக்காம்மா?" என்று கேட்டேன். இல்லை என்றார். வங்கிக்காரன் புத்தி, நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அதற்கப்புறம் சாயங்காலம் அவர் கீழே பெஞ்சுக்கு வருவதே இல்லை. பட்டியலைக் கழற்றிய பிறகும் வரவில்லை.

பொருளாளர் ஒரு நாள் கேட்டார்: "சார், உங்களுக்குத்தான் அந்த டேட்டாபேஸ் எல்லாம் தெரியுமாமே, நம்ம கணக்கை அதில் ஏற்றிப் பார்க்கலாமா?" தெரியும் என்றால், ரிட்டயர் ஆன பிறகு என் மகள் போனிலேயே சொல்லிக்கொடுத்த அளவுக்குத் தெரியும். சரி என்றேன்.

இந்தச் சமாச்சாரம் ஒன்றும் புதிசில்லை. 1970-இல் ஐ.பி.எம்.மில் இருந்த காட் என்ற கணிதக்காரர், தகவலை எல்லாம் வரிசையும் கட்டமுமாக அட்டவணையில் வைத்தால் போதும், அது எங்கே எப்படி இருக்கிறது என்ற கவலை இல்லாமல் கேள்வி கேட்கலாம் என்று எழுதினார். 1974-இல் அதே கம்பெனியில் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர், அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பாஷையை உண்டாக்கினார்கள். அதுதான் எஸ்.க்யூ.எல். நான் பயன்படுத்துவது எஸ்.க்யூ.லைட் என்ற இலவச மென்பொருள். மொத்தக் கணக்கும் ஒரே ஒரு கோப்புதான், பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது.

முதலில் பக்கம் கோடு போட வேண்டும். இரண்டு அட்டவணை போட்டேன். ஒன்றின் பெயர் வீடு. அதில் வீட்டு எண், உரிமையாளர், கைபேசி. நமக்கு 64 வீடு, ஆகவே 64 வரி. இன்னொன்று ரசீது. அதில் ரசீது எண், வீட்டு எண், மாதம், தொகை, பணம் வந்த தேதி, அனுப்பியவர் பெயர். உரிமையாளர் பெயரை ரசீதில் திரும்ப எழுதவில்லை. வீட்டு எண் போதும், அதுதான் நம் ஃபோலியோ நம்பர். பெயர் வேண்டுமென்றால் வீடு பக்கத்தைப் புரட்டினால் கிடைத்துவிடும். எக்செல்லில் ஒரே ஆளின் பெயரை மூன்று விதமாக அடித்துவைத்திருந்தோம், அந்தத் தொல்லை இதில் இல்லை.

வவுச்சர் போடுவது இப்படி:

இன்சர்ட் இன்டு ரசீது வேல்யூஸ் (57, 'ஏ-302', '2025-06', 3500, '2025-06-05', 'அனுப்பியவர் பெயர்');

இன்சர்ட், செலக்ட் மாதிரியான ஆணைச் சொற்களைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கட்டங்களின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். முடிவில் அரைப்புள்ளி முக்கியம். அது இல்லாவிட்டால், நீங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று அது மரியாதையாகக் காத்துக்கொண்டே இருக்கும்.

எடுத்துப் பார்ப்பது செலக்ட். எந்தக் கட்டம், எந்த அட்டவணையிலிருந்து, எந்த நிபந்தனையில்:

செலக்ட் தேதி, தொகை ஃப்ரம் ரசீது வேர் வீட்டுஎண் = 'ஏ-302';

அந்த வீட்டு ரசீதுகள் மட்டும் வரும். தொகைக்குப் பதில் சம்(தொகை) என்று போட்டு, குரூப் பை மாதம் என்று சேர்த்தால் மாதவாரிக் கூட்டல் வரும். வெள்ளிக்கிழமை பேலன்ஸிங் என்று ராத்திரி எட்டு மணி வரை நாங்கள் கூட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

இதெல்லாம் சுலபம். நம் சங்கத்துக்கு வேண்டிய கேள்வி வேறு: யார் கட்டவில்லை? ரசீதுப் பக்கத்தில் கட்டியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். கட்டாதவருக்கு அங்கே வரியே கிடையாது. இல்லாத வரியை எப்படித் தேடுவது? அதனால் வீடு பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 64 வீட்டில், இந்த மாத ரசீதுகளுக்குள் இல்லாத வீடுகளைக் கொடு:

செலக்ட் வீட்டுஎண் ஃப்ரம் வீடு வேர் வீட்டுஎண் நாட் இன் (செலக்ட் வீட்டுஎண் ஃப்ரம் ரசீது வேர் மாதம் = '2025-06');

அடித்தேன். ஒரு வரிகூட வரவில்லை. அதாவது ஜூன் மாதம் எல்லோரும் கட்டிவிட்டார்கள்! பொருளாளருக்குப் போன் செய்து வாழ்த்துச் சொல்லிவிட்டேன். அவர் பத்து விநாடி பேசாமல் இருந்துவிட்டு, "சார், நானே இன்னும் ஜூன் மாசம் கட்டலையே" என்றார்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. வங்கி ஸ்டேட்மென்டில் வந்த வரவு எல்லாவற்றையும் ரசீதாக ஏற்றியிருந்தேன். அதில் நான்கு வரவுக்கு எந்த வீடு என்று தெரியவில்லை. குறிப்பில் வீட்டு எண் இல்லை, அனுப்பியவர் பெயரும் நம் உரிமையாளர்களில் யாருடையதும் இல்லை. வங்கியில் இந்த மாதிரி ஆள் தெரியாத வரவு சண்ட்ரி டெபாசிட்டில் போய் உட்காரும். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். இங்கே வீட்டு எண் கட்டத்தைக் காலியாக விட்டேன். அந்தக் காலிக்கு நல் என்று பெயர். நல் என்றால் பூஜ்யம் இல்லை, வெற்று எழுத்தும் இல்லை. "தெரியாது" என்று அர்த்தம்.

இப்போது கணினியின் நியாயத்தைக் கேளுங்கள். ஏ-101 இந்தப் பட்டியலில் இல்லையா என்று கேட்கிறோம். பட்டியலில் ஓர் இடத்தில் "தெரியாது" என்று இருக்கிறது. அந்தத் தெரியாதது ஏ-101 ஆகவே இருக்கலாமே? ஆகவே இல்லை என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், அந்த வீட்டைக் காட்டவும் மாட்டேன். இதே நியாயம் 64 வீட்டுக்கும். ஒரே ஒரு நல் இருந்தால் போதும், பாக்கிக்காரர் ஒருவர்கூட வரமாட்டார்.

யோசித்துப் பார்த்தால், எங்களைவிட அது நேர்மையாக நடந்திருக்கிறது. எங்கள் எக்செல்லில் அந்த நான்கு வரவும் "பெயர் தெரியாதவை" என்று தனி ஷீட்டில் போட்டு மறந்துபோனவை. பட்டியலை ஒட்டும்போது யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. டேட்டாபேஸிலும் வீட்டு எண் இல்லாத ரசீதை ஏற்றுக்கொள்ளாதே என்று முதலிலேயே கட்டளை போட்டிருக்கலாம், அதற்கு நாட் நல் என்று ஒரு வசதி உண்டு. போட்டிருந்தால் அந்த நான்கும் மறுபடி வெளியே நின்றிருக்கும். வேண்டாம், உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டது ஒன்றுதான் இதில் நான் சரியாகச் செய்தது.

பிறகு இப்படிக் கேட்டேன்:

செலக்ட் * ஃப்ரம் ரசீது வேர் வீட்டுஎண் இஸ் நல்;

நட்சத்திரக் குறி என்றால் எல்லாக் கட்டமும். சமக்குறி போட்டால் நல் அகப்படாது, இஸ் என்றுதான் கேட்க வேண்டும். நான்கு வரி வந்தது. மூன்றில் அனுப்பியவர் ஒரே ஆள். ஏப்ரல், மே, ஜூன், மாதம் தவறாமல் 5-ஆம் தேதி, 3,500. எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எங்க மாப்பிள்ளை பேராச்சே, ஏப்ரல்லேருந்து அவர்தானே அனுப்பறார்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த வேகத்தில் இரண்டாவது தப்பைச் செய்தேன். அந்த ரசீதுகளில் வீட்டு எண்ணைப் போட வேண்டும். அதற்கு அப்டேட். அவர் எண்ணை மறைக்க, நம்மிடம் இல்லாத பி-99 என்று வைத்துக்கொள்வோம்:

அப்டேட் ரசீது செட் வீட்டுஎண் = 'பி-99';

பார்த்தீர்களா, வேர் இல்லை. எந்த ரசீதில் என்று நான் சொல்லவே இல்லை. அது எல்லாவற்றிலும் மாற்றிவிட்டது. மூன்று மாதத்து 181 ரசீதும் பி-99. அந்த அம்மா ஒருவரே சங்கத்துக்கு ரூ.6,33,500 கட்டிவிட்டார், மற்ற 63 வீடும் பாக்கி. நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்தப் புண்ணியவான்.

முதல் நாள் ராத்திரி பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துவைத்திருந்தேன். நாள் முடிவில் பேக்கப் எடுக்காமல் கிளையைப் பூட்டாத பழக்கம், அது காப்பாற்றியது. இப்போதெல்லாம் எதை மாற்றுவதானாலும் முதலில் பிகின் என்று போடுகிறேன். அதற்குப் பிறகு செய்வது பென்சிலில் எழுதியது மாதிரி. செலக்ட் போட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் கமிட், அது மை. தப்பாக இருந்தால் ரோல்பேக், ரப்பர். இன்னொரு பழக்கம், அப்டேட்டுக்கு எழுதிய அதே வேர் நிபந்தனையைச் செலக்டில் போட்டு எத்தனை வரி வருகிறது என்று பார்த்துக்கொள்வது. மூன்று வர வேண்டிய இடத்தில் 181 வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பாக்கிக் கேள்வியையும் திருத்திவிட்டேன். உள்ளே இருக்கும் செலக்டின் கடைசியில் 'அண்ட் வீட்டுஎண் இஸ் நாட் நல்' என்று சேர்த்தேன். இப்போது ஜூன் மாதத்துக்கு ஐந்து வீடு வருகிறது. பொருளாளர் வீடு அதில் இல்லை, அன்றைக்கே கட்டிவிட்டார்.

ஆனால் அந்த ஐந்தை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டாம் என்று கமிட்டியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான்காவது வரி இன்னும் நல்லாகவே இருக்கிறது. ஜூன் 11-ஆம் தேதி, ரூ.3,500, குறிப்பில் "மெயின்டனன்ஸ்" என்று மட்டும். அந்த ஐந்து பேரில் ஒருவர் கட்டியவராக இருக்கலாம். உங்கள் வீட்டுக்காக மகனோ மருமகளோ வாடகைக்கு இருப்பவரோ அனுப்பியிருந்தால், அவரவர் ஸ்டேட்மென்டைப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள். இனிமேல் அனுப்பும்போது குறிப்பில் வீட்டு எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லேப்டாப்போடு அசோசியேஷன் அறையில் இருப்பேன். உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே செலக்ட் போட்டுப் பார்க்கலாம். அப்டேட் மட்டும் யாருக்கும் தரமாட்டேன்.