மக்களைக் காட்டும் படங்கள்



நம் காலனிக் கோலத்தையும் பொங்கற் பானையையும் ஒருவர் படம் பிடித்து, நம்மை ஒரு சொல்லும் கேளாமல் வெளிநாட்டிற் காட்டினால் நமக்கு எப்படியிருக்கும்? அந்த எண்ணத்தோடுதான் இனவரைவியற் படங்களைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம்.

ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வை உள்ளவாறு காட்ட முயல்பவை இப்படங்கள். பல்கலைக்கழகங்களில் மாணவரும் ஆசிரியரும் கழகம் அமைத்து, இவற்றைத் திரையிட்டபின் அமர்ந்து விவாதிப்பர். விவாதம் எதற்கு என்பீர்கள். 1922இல் இராபர்ட் பிளாகர்ட்டி, எஸ்கிமோ மக்களைப் பற்றி ‘நானூக்’ படத்தை வெளியிட்டார். பனிவீட்டினுள் வெளிச்சம் போதாமையால் பாதி வீடே கட்டினர். துப்பாக்கிக்குப் பழகிவிட்டவர்கள் படத்துக்காக ஈட்டி ஏந்தினர். நானூக் என்பதும் அம்மனிதரின் உண்மைப் பெயரன்று! படத்தை மட்டும் கண்டவர் இதனை எங்ஙனம் அறிவர்?

நம் பக்கத்துக்கு வருவோம். காசிப்பேட்டையிலிருந்து பல்லார்ஷா செல்லும் பாதையில் ஆசிபாபாத் ரோடு என்றொரு நிலையம் உண்டு. இரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் நமக்கு அது அட்டவணையில் ஒரு பெயர். அதற்கு மேற்கே கோண்டு மக்களின் மலைநாடு. நில உரிமைக்காக எழுந்த கொமரம் பீம் 1940இல் ஜோடேகாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கிளர்ச்சியின் காரணத்தை ஆராய நிசாம் அரசு அனுப்பியவர், வியன்னாவிற் பிறந்த மானிடவியல் அறிஞர் பூரர்-ஹைமன்டார்ப். போர்க்காலமாதலால் அவர் ஐதராபாத் சமஸ்தானத்தை விட்டு வெளியேறத் தடையிருந்தது. மனைவியோடு மார்லவாய் என்னும் சிற்றூரில் தங்கினார். கோண்டுகளுக்கு நிலப்பட்டா வேண்டுமென வாதாடினார். கோண்டு ஆசிரியர்களுக்கு அங்கே பயிற்சி நிலையமும் எழுந்தது. அரசின் ஆளாக வந்தவர்தாமே என்று ஐயுறுவோர் ஐயுறட்டும். 1987இல் மறைந்த அவர் மனைவியை அம்மார்லவாயிலேயே அடக்கம் செய்தனர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அவருடைய நிழற்படங்களும் படச்சுருள்களும் இலண்டன் கீழைநாட்டு, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் உள்ளன. படம் அங்கே, மக்கள் இங்கே. இதுவே நமக்கு உறுத்துகிறது. இந்நகரப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய படம் திரையிடப்படும்போது முன்வரிசையில் ஒரு கோண்டுப் பெரியவர் அமர வேண்டும். முதலிற் பேசுபவரும் அவராயிருக்க வேண்டும். அவர் மொழி நமக்கு அயலன்று. ரண்ட், மூண்ட், நாலுங் என்று அவர்கள் எண்ணுவதைக் கேட்டால் நம் பிள்ளைகளே பொருள் சொல்லிவிடுவர்.

சங்கக் கூடத்திலும் ஓர் ஞாயிறு மாலை இப்படிப்பட்ட படமொன்றைக் காட்டலாம். ஆசிபாபாத் பக்கத்திலிருந்து ஒருவரை அழைத்து, அவர் வழிச்செலவைச் சங்கமே ஏற்கலாம். செயற்குழுவினர் இதனை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.