ஓய்வுபெற்ற ஜம்போ: பாகம் பாகமாக வாழும் விமானத்தின் வரலாறு

ஜம்போ ஜெட் என்று உலகமே அழைத்த போயிங் 747, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எவரெட் என்ற ஊரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டப்பட்டது. மொத்தம் 1,574 விமானங்கள் அங்குள்ள ஆலையிலிருந்து வெளிவந்தன. கடைசி விமானம் 2023 ஜனவரி 31 அன்று அட்லஸ் ஏர் என்ற சரக்கு விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பயணிகளை ஏற்றிச் செல்லும் 747 இன்று வெகு சில நிறுவனங்களிடமே இருக்கிறது. பறந்து முடித்தவற்றில் பெரும்பாலானவை பிரிக்கப்பட்டுவிட்டன. ஆனால் அவற்றின் ஜன்னல்களும் இருக்கைகளும் உடல் தகடுகளும் உலகெங்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பத்திரமாக இருக்கின்றன. ஒரு இயந்திரத்தை மக்கள் இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்து வைப்பதன் காரணம், அது பிறந்த விதத்திலிருந்தே தொடங்குகிறது.

1960களின் நடுவில் விமானப் பயணம் வேகமாகப் பெருகியது. விமான நிலையங்களில் நெரிசல் கூடியது. ஒரே பயணத்தில் இன்னும் அதிகமானோரை ஏற்றிச் செல்லும் விமானம் வேண்டும் என்று பான் அம் நிறுவனத்தின் தலைவர் ஹுவான் டிரிப் விரும்பினார். போயிங் தலைவர் பில் ஆலன் அதைக் கட்டித் தர ஒப்புக்கொண்டார். 1966 ஏப்ரலில் பான் அம் 25 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. வடிவமைப்புப் பொறுப்பு ஜோ சட்டர் என்ற பொறியாளரிடம் வந்தது. விமானத்தை வடிவமைக்கும் வேலையும் அதைக் கட்டுவதற்கான ஆலையை எழுப்பும் வேலையும் ஒரே நேரத்தில் நடந்தன.

747இன் அடையாளம் அதன் முன்பக்கத் திமில். அழகுக்காக வைக்கப்பட்டது அல்ல அது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானங்கள் விரைவில் வந்துவிடும், பயணிகள் அவற்றுக்கு மாறிவிடுவார்கள் என்று அன்று பலரும் நம்பினர். அப்படி நடந்தால் 747 சரக்கு விமானமாகப் பிழைக்க வேண்டும். மூக்குப் பகுதியை மேலே தூக்கித் திறந்து நீளமான சரக்கை நேராக உள்ளே தள்ள வேண்டுமானால், விமானி அறை வழியில் இருக்கக் கூடாது. அதனால் அது மேல்தளத்துக்கு ஏறியது. அதன் பின்னால் கிடைத்த இடம் முதல் வகுப்புப் பயணிகளின் ஓய்வுக்கூடமானது. அங்கே ஏறிச் செல்ல ஒரு சுழல் படிக்கட்டும் வைக்கப்பட்டது.

1968 செப்டம்பர் 30 அன்று முதல் 747 ஆலையை விட்டு வெளியே வந்தது. 1969 பிப்ரவரி 9 அன்று ஜாக் வாடெல் அதை முதன்முதலாகப் பறக்க வைத்தார். 1970 ஜனவரியில் பான் அம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பயணிகள் சேவையைத் தொடங்கியது. அன்று புறப்படத் தயாராக நின்ற விமானத்தின் எஞ்சின் சூடேறியதால், வேறொரு 747 சில மணி நேரத் தாமதத்துடன் கிளம்பியது.

சுமார் 70 மீட்டர் நீளமும் ஆறு மாடி உயர வாலும் கொண்ட இந்த விமானம், ஒரே பயணத்தில் 350 பேருக்கு மேல் ஏற்றிச் சென்றது. ஒரு இருக்கைக்கு ஆகும் செலவு குறைந்தது. கடல் கடந்த பயணம் செல்வந்தர்களோடு நிற்காமல் மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் எட்டியது. ஏர் இந்தியாவின் முதல் 747 'எம்பரர் அசோகா' என்ற பெயருடன் 1971இல் வந்தது. ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தானத்து ஜரோக்கா வளைவுகளை வரைந்து, வானத்து அரண்மனை என்று ஏர் இந்தியா அதை விளம்பரப்படுத்தியது. 1980களில் ஏர் லங்காவும் 'கிங் விஜயா', 'கிங் திஸ்ஸா' என்ற இரண்டு 747களை இயக்கியது. ஏராளமான குடும்பங்களில் முதன்முதலாக வெளிநாடு போனவரை ஏற்றிச் சென்றது ஒரு ஜம்போதான். பிற்காலப் பற்றுக்கு வேர் இதுவே.

747இன் சரிவுக்குக் காரணம் இரட்டை எஞ்சின் விமானங்களின் வளர்ச்சி. முன்பு, ஒரு எஞ்சின் நின்றால் 60 நிமிடங்களில் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய வழியில் மட்டுமே இரட்டை எஞ்சின் விமானங்கள் பறக்கலாம் என்ற விதி இருந்தது. அதனால் பெருங்கடல்களை நேராகக் கடக்க நான்கு எஞ்சின்களோ மூன்று எஞ்சின்களோ தேவைப்பட்டன. எஞ்சின்களின் நம்பகத்தன்மை கூடியதும், 1985இல் இந்த வரம்பு 120 நிமிடங்களாக உயர்ந்தது. பிறகு இன்னும் நீண்டது. 1995இல் சேவைக்கு வந்த போயிங் 777, ஏறக்குறைய ஜம்போவின் வேலையை இரண்டே எஞ்சின்களில் செய்தது. நான்கு எஞ்சின்களுக்கு எரிபொருளும் பராமரிப்பும் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. யுனைடெட், டெல்டா ஆகிய நிறுவனங்கள் 2017இல் தங்கள் 747களை நிறுத்தின.

2020இல் கொரோனா பெருந்தொற்று மீதிக் கதையை வேகமாக முடித்தது. கே.எல்.எம். மார்ச்சில் தன் பயணிகள் ஜம்போ சேவையை நிறுத்தியது. ஜூலையில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன்னிடம் இருந்த 31 ஜம்போக்களுக்கும் ஓய்வு அறிவித்தது. அதே ஜூலை 22 அன்று குவாண்டாஸின் கடைசி 747 சிட்னியிலிருந்து கிளம்பி, கங்காரு வடிவத்தில் வானில் பாதை வரைந்துவிட்டு அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்துக்குப் போனது.

ஓய்வுபெறும் விமானங்கள் பாலைவனத்துக்குப் போவதற்கு அங்குள்ள காற்றே காரணம். ஈரம் குறைந்த காற்றில் உலோகம் எளிதில் அரிக்கப்படாது. இறுகிய தரையில் கனமான விமானங்களை வரிசையாக நிறுத்தவும் முடியும். கலிபோர்னியாவின் மொஹாவே, விக்டர்வில், அரிசோனாவின் மரானா, ஸ்பெயினின் டெருவெல் ஆகியவை இப்படிப்பட்ட இடங்கள். இங்கிலாந்தில் கெம்பிள் என்ற ஊரில் உள்ள காட்ஸ்வோல்ட் விமான நிலையமும் விமானங்களைப் பிரிக்கும் இடமாகப் பெயர் பெற்றது.

போயிங் கணக்குப்படி ஒரு 747இல் ஏறக்குறைய 60 லட்சம் பாகங்கள் உள்ளன. அவற்றில் பாதி ஆணி, திருகு போன்ற இணைப்பான்கள். பிரிக்கும் வேலை மதிப்பு மிகுந்த பாகத்திலிருந்து தொடங்கும். முதலில் எஞ்சின்கள் இறக்கப்படும். பிறகு வால் முனையில் உள்ள துணை மின்எஞ்சின், விமானி அறையின் மின்னணுக் கருவிகள், சக்கரத் தொகுதிகள் ஆகியவை கழற்றப்படும். சோதனையில் தேறி முறையான சான்றிதழ் பெற்ற பாகம் வேறொரு விமானத்தில் ஏறி மறுபடி பறக்கும். இந்தத் தொழிலுக்கு நெறிமுறை வகுக்க 2006இல் விமான மறுசுழற்சிச் சங்கம் ஒன்றும் உருவானது. பயனுள்ள பாகங்கள் போன பிறகு மிஞ்சும் கூடு இயந்திரக் கைகளால் நறுக்கப்பட்டு, உயர்வலிமை அலுமினியக் கழிவாக உருக்கப் போகிறது.

மறுபடி பறக்கும் தகுதி இல்லாத பாகத்தைக் காயலான்கடை எடைபோட்டு வாங்கும். சேகரிப்பாளர்கள் தேடுவது அதே பாகத்தைத்தான். ஜன்னல் சட்டங்கள், மூன்று பேர் அமரும் இருக்கை வரிசைகள், விமானியின் கைப்பிடிகள், அவசர வழிப் பலகைகள், உணவுத் தள்ளுவண்டிகள், எஞ்சினின் விசிறித் தகடுகள், பதிவு எண் எழுதிய உடல் தகடுகள் என்று பட்டியல் நீளும். விவரம் தெரிந்தவர்கள் பாகத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்வார்கள். தொடக்க கால 747இன் மேல்தளத்தில் பக்கத்துக்கு மூன்று ஜன்னல்களே இருந்தன. 1983இல் வந்த 747-300இல்தான் மேல்தளம் நீண்டது. 1989இல் சேவைக்கு வந்த 747-400, மூன்றாவது பணியாளரான விமானப் பொறியாளரின் மேசையை நீக்கிவிட்டது. ஆகவே முள் அளவிகள் நிறைந்த பொறியாளர் பலகை ஒன்று கிடைத்தால், அது அந்த மாற்றத்துக்கு முந்திய காலத்தின் சாட்சி.

இந்த விருப்பம் வணிகமாகவும் வளர்ந்தது. கலிபோர்னியாவின் மோட்டோஆர்ட் நிறுவனம் விமானப் பாகங்களை மேசைகளாகவும் நாற்காலிகளாகவும் மாற்றத் தொடங்கி, பிறகு உடல் தகட்டைச் சிறு அட்டைகளாக வெட்டி 'பிளேன்டேக்' என்ற பெயரில் விற்றது. ஜெர்மனியின் 'ஏவியேஷன்டேக்' நிறுவனமும் அதே வழியில் இறங்கியது. எந்த விமானத்தின் தகடு என்ற விவரம் அட்டையிலேயே இருக்கும் என்பதால், முழு இருக்கை வாங்க இடமோ பணமோ இல்லாதவரும் தான் பறந்த விமானத்தின் ஒரு துண்டை வைத்துக்கொள்ள முடிந்தது. 2020 செப்டம்பரில் குவாண்டாஸ் தன் ஜம்போக்களில் ஓடிய 1,000 தள்ளுவண்டிகளை விற்பனைக்கு வைத்தது. சிறிய வண்டி 974.70 ஆஸ்திரேலிய டாலர், பெரியது 1,474.70 டாலர் என்று 747 என்ற எண் விலையிலேயே வரும்படி அமைத்திருந்தார்கள். அத்தனையும் இரண்டு மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன.

சில இடங்களில் விமானம் முழுதாகவே பிழைத்தது. ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையத்தில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்காக 1976இல் கட்டப்பட்ட ஒரு 747, 2009இல் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது. 2019இல் கே.எல்.எம். நிறுவனத்தின் 'சிட்டி ஆஃப் பாங்காக்' நெடுஞ்சாலையையும் வயலையும் தரைவழியே கடந்து ஆம்ஸ்டர்டாம் அருகே ஒரு ஹோட்டல் தோட்டத்தை அடைந்தது. கலிபோர்னியாவின் மாலிபு மலைப்பகுதியில் கட்டடக் கலைஞர் டேவிட் ஹெர்ட்ஸ் ஒரு 747-200இன் இறக்கைகளையே கூரையாக்கி வீடு கட்டினார். கெம்பிளில் 1970களின் பழைய வண்ணத்தில் நின்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஒன்று, பெயரளவில் ஒரு பவுண்டு விலைக்குக் கைமாறிப் பாதுகாக்கப்பட்டது.

சேகரிப்பில் கவனிக்க வேண்டியவை உண்டு. முதலாவது பாகத்தின் பூர்வீகம். பதிவு எண், உற்பத்தி எண், பிரித்த நிறுவனத்தின் சான்று ஆகியவை இல்லாத பாகத்துக்குச் சொல்ல வரலாறு இல்லை. இரண்டாவது பறத்தலின் பாதுகாப்பு. கழித்துக்கட்டிய பாகம் திருட்டுத்தனமாக மறுபடி விமானத்தில் ஏறினால் உயிர்ச்சேதம் நேரும். அதனால் ஆயுள் முடிந்த பாகங்களைத் துளையிட்டோ வெட்டியோ பயன்படாதபடி ஆக்கிய பிறகே விற்க வேண்டும். மூன்றாவது வாங்குபவரின் உடல்நலம். உடல் தகட்டின் உட்புறத்தில் உள்ள பச்சை கலந்த மஞ்சள் பூச்சில் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் சேர்மம் இருக்கும். அதைத் தேய்த்துத் தூசி கிளப்புவது ஆபத்து. சில அவசர வழிப் பலகைகள் டிரிடியம் என்ற கதிரியக்க வாயுவால் ஒளிர்பவை. தொடக்க கால 747களின் வாலில் எடை சமன் செய்ய யுரேனியக் கட்டிகள் இருந்தன. பின்னர் அவற்றின் இடத்தை டங்ஸ்டன் பிடித்தது. இவற்றையெல்லாம் முறையாக அகற்றிய நிறுவனத்திடம் வாங்குவதே சரி.

நான்காவது மரியாதை. ஜம்போவின் வரலாற்றில் பெருந்துயரங்களும் உண்டு. 1977இல் டெனரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு 747கள் மோதி 583 பேர் இறந்தனர். 1978 புத்தாண்டு நாளில் 'எம்பரர் அசோகா' மும்பைக் கடலில் விழுந்து 213 பேர் மாண்டனர். 1985 ஜூனில் குண்டுவெடிப்பால் சிதறிய ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா'வில் 329 உயிர்கள் போயின. விபத்தில் சிதறியவை புலனாய்வுக்கும் இறந்தோரின் குடும்பங்களுக்கும் உரியவை. அவை சந்தைப் பொருள் ஆகா.

ஏர் இந்தியாவின் கடைசி 747-400கள் அமெரிக்காவின் ஏர்சேல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. பிரதமரையும் குடியரசுத் தலைவரையும் நெடுங்காலம் சுமந்த வகை அது. 2024 ஏப்ரலில் 'ஆக்ரா' என்ற விமானம் மும்பையிலிருந்து கிளம்பி, இறக்கைகளை அசைத்து விடைபெற்று அமெரிக்காவுக்குப் போனது.

முதல் 747 சியாட்டில் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அட்லாண்டாவில் முதல் 747-400 நிற்கிறது. ஜெர்மனியின் ஷ்பயர் அருங்காட்சியகத்தில் லுஃப்தான்சாவின் ஒரு ஜம்போவைத் தூண்கள் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகங்கள் காப்பாற்றுவது ஒவ்வொரு வகைக்கும் சில விமானங்களை மட்டுமே. அவற்றுக்கு எட்டாத நூற்றுக்கணக்கான விமானங்களின் நினைவைக் காப்பது பதிவு எண்ணோடு சேமிக்கப்பட்ட தகடுகளும் ஜன்னல்களும்தான். கடைசி வகையான, சரக்கு ஏற்றும் 747-8கள் இன்னும் பல ஆண்டுகள் பறக்கும். ஒவ்வொன்றும் தரையிறங்கும்போது எந்தப் பாகம் மறுபடி பறக்கிறது, எது உருக்கப்படுகிறது, எது யாரிடம் போகிறது என்று எழுதி வைக்கப்பட்டால், ஜம்போவின் வரலாறு அதன் கடைசி ஆணி வரை முழுமையாகக் கிடைக்கும்.