வீட்டுத் திரைக்கு ஒரு கணிப்பொறி

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் படம் பார்ப்பதற்கென முதன்முதலாகக் கணிப்பொறி வாங்குவோர், "ஆற்றல் மிகுந்தது எது?" என்றே கடையில் வினவுகின்றனர். கேட்க வேண்டியது அதுவன்று என்பது என் கருத்து.

கணிப்பொறியில் நாம் காணும் படங்கள் சுருக்கிப் பதியப்பெற்றவை. 2003-இல் வகுக்கப்பெற்ற எச்.264, 2013-இல் வந்த எச்.265 ஆகியன அச்சுருக்க முறைகளுள் பெருவழக்குடையன. சுருக்கியதை விரிப்பதற்கென்றே தனி உறுப்புச் சில்லினுள் அமைந்திருப்பின், சிறு கருவியும் படத்தைத் தடையின்றிக் காட்டும். அஃதில்லையேல் பொதுச் செயலியே முழுச் சுமையையும் தாங்க நேரும், வெப்பம் மிகும், விசிறி இரையும், மெல்லிசை அவ்விரைச்சலில் மறையும்.

2019-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 என்னும் கணிப்பொறி உள்ளங்கையில் அடங்குவது. ஆயினும், எச்.265 முறையில் பதிந்த 4கே படத்தை நொடிக்கு 60 படச்சட்டங்கள் வீதம் அது விரிக்க வல்லது. விலையின்றிக் கிடைக்கும் 'கோடி' என்னும் மென்பொருளும் அதில் இயங்கும்.

ஆகவே, உங்கள் படங்கள் எம்முறையில் பதிந்தவை, அம்முறைக்குரிய உறுப்புக் கருவியில் உண்டா, அது ஓசையின்றி இயங்குமா என்னும் மூன்றையும் ஆராயுங்கள். வீட்டில் பழைய மடிக்கணினி இருப்பின், எச்.டி.எம்.ஐ. கம்பி ஒன்றை வாங்கி முதலில் அதனையே இணைத்துப் பாருங்கள். தேவை இன்னதென்று தெளிந்தபின் செலவிடுங்கள். பெற்றோர் தேடிய பொருள் வீணாகாது.